காற்றைப் பிடிக்கும் தூளும் அப்பாவின் மூச்சும்

சுங்கை லாலாங்

அன்பு மகள் ரூபினிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நான் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்த முறை பொய் எழுத மாட்டேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் லேப்பில் இருக்கிறேன் என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் தாமான் வீடுகளுக்குப் பின்னால் பழைய பிளாஸ்டிக் உருக்கும் பேக்டரி வந்ததே, சாயங்காலம் ஆனால் எரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஜன்னலைச் சாத்தினாலும் நாற்றம் தலையணை வரை வருகிறது. அப்பாவுக்கு இளைப்பு அதிகமாகி, இந்தக் காற்றை விட்டுத் தள்ளி இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது பாக்கார் ஆராங்கில் உன் அத்தை பிரேமாவதி வீட்டில்தான் இருக்கிறார். வீடியோவில் அவருக்குப் பின்னால் நீ பார்த்த பச்சைச் சுவர் நம் வீட்டுச் சுவர் இல்லை. புது பெயிண்ட் என்று அவர் சொன்னது பொய். பிள்ளை ஆராய்ச்சி கெட்டுவிடும், சொல்லாதே என்று என் வாயையும் அடைத்துவிட்டார்.

நீ அங்கே ஜெர்மனியில் கெட்ட காற்றைப் பிடிக்கும் தூள் செய்கிறாய். ஒரு கரண்டித் தூளில் இருக்கும் துளைகளை எல்லாம் விரித்தால் பந்துத் திடல் அளவு வரும் என்று நீ சொன்னதைப் பக்கத்து வீட்டு நவமணி அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். ஒரு மூட்டை அனுப்பச் சொல்லு லா, வாசலில் கொட்டி வைப்போம் என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார், எனக்கு அழுகை வந்தது. உன்னைக் கேட்டால், ஈரக் காற்று பட்டால் தூள் கெட்டுப்போகிறது, இன்னும் பல வருஷம் ஆகும் என்கிறாய். ஈரம் இல்லாத காற்றுக்கு நம் கெடா மாநிலத்தில் எங்கே போவது?

போன வாரம் நவமணி அக்காவும் நானும் இன்னும் சில பெண்களும் பேக்டரி வாசலுக்கே போனோம். மேனேஜர் வந்து, பில்டர் போட்டிருக்கிறோம், புகை வராது என்று மலாயில் சொன்னார். கோபத்தில் எனக்கு மலாய் வரவில்லை. “என் வீட்டுக்காரர் நெஞ்சுதான்யா உங்க பில்டர்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். நவமணி அக்கா அதை மலாயில் சொன்னதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். சில நாள் புகை இல்லை. நேற்று மறுபடி ஆரம்பித்துவிட்டது.

அடுத்த மாதம் சுற்றுச்சூழல் இலாகா ஆட்கள் தாமான் மண்டபத்துக்கு வருகிறார்களாம். தீபாவளிக்கு நீ வராததைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, இதற்கு வா. அந்தப் புகையில் என்ன இருக்கிறது, அது நெஞ்சை என்ன செய்யும் என்று நீ எழுந்து சொல்ல வேண்டும். நாங்கள் நாற்றம் என்று மட்டும்தான் சொல்லத் தெரிந்தவர்கள். உன் தூள் நல்லபடி ஆகட்டும், உலகத்துக்கே உதவட்டும். அதுவரைக்கும் அப்பா மூச்சு விட வேண்டும் இல்லையா?

வேளைக்குச் சாப்பிடு. லேப்பில் மாஸ்க் போட்டுக்கொள். முருகன் உன்னைக் காப்பாற்றட்டும். அப்பாவிடம் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

உன் மேல் கோபமாக இருக்கும் அம்மா,
குணசுந்தரி