சம்மனசுக்குப் பாவசங்கீர்த்தனம்

1963 வைகாசி 4, சனி

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. முற்றம் முழுக்க மணல், குசினிக்குள்ளும் மணல். காயப்போட்ட கருவாட்டை இரண்டு தரம் தட்டி எடுத்தாயிற்று. இவர் விடியற்புறம் கடலுக்குப் போய் மத்தியானம் வெறுங்கையோடு வந்தார். முகம் பார்க்க முடியவில்லை.

பின்னேரம் கோவிலில் முதற்தரம் நற்கருணை வாங்கப்போகிற முதல்நன்மைப் பிள்ளைகளின் பேர் எழுதினார்கள். மகள் பிலோமியையும் தலைசீவிக் கூட்டிப்போனேன். வயது ஒன்பது. அவள் வயதுப் பிள்ளைகள் போன வருசமே நன்மை எடுத்துவிட்டார்கள். பங்குச் சுவாமி இங்கே வந்து மூன்று மாதம்தான், நல்ல மனிதர். அவள் தலையில் கைவைத்துச் சிரித்தார்.

"காது கேளாத பிள்ளை, வாயும் பேசாது. இவவுக்கு என்ன பாவம் தெரியப்போகுது? சங்கீர்த்தனமும் தேவையில்லை, நன்மையும் தேவையில்லை. இவ சம்மனசு, பிள்ளை. செட்டை மட்டும்தான் இல்லை."

பக்கத்து வீட்டு ஞானம்மா "ஓம் சுவாமி, சம்மனசேதான்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வைகாசி 6, திங்கள்

இன்னும் ஆறவில்லை. சம்மனசாம். சம்மனசு போன கிழமை செய்தவை:

– சீனிப் போத்தலைக் காலியாக்கிவிட்டுப் பூனையைக் காட்டியது.
– பூசை நடக்கும்போது முன்னால் இருந்தவளின் றிபனை அவிழ்த்தது.
– ஞானம்மாவின் கோழிக்குஞ்சை ஓலைக் கடகத்தால் மூடி, மேலே ஏறி இருந்தது.
– எனக்கு நாக்கு நீட்டியது. பல தரம்.

இவரிடம் வாசித்துக் காட்டினேன். "இஞ்சேர், ஊரிலை தாய்மார் பிள்ளையின்ரை குற்றத்தை மறைக்கினம். நீ எழுதி வைக்கிறாய்" என்று சிரித்தார். மீன் படாத கவலைக்குள்ளும் சிரித்தாரே, அது போதும்.

சுவாமியில் கோபமில்லை. நல்லது என்று நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் சம்மனசு என்றால் பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கு. விளையாட்டில் ஓரம். கோவிலில் வாசற்படி. சம்மனசுக்கு ஒருவரும் ஒன்றும் படிப்பிப்பதில்லை.

வைகாசி 9, வியாழன்

காலை பஸ்ஸில் முல்லைத்தீவுக் கன்னியர்மடம். பிலோமியும் நானும், ஒரு பாரை மீனும். யாழ்ப்பாணப் பக்கத்தில் செவிப்புலன் இல்லாத பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் சிஸ்டர் ஒருவர் காய்ச்சலுக்குப் பிறகு அங்கே ஓய்வாக வந்திருக்கிறார் என்று கேள்வி. ஓய்வைக் கெடுக்கத்தான் போனேன்.

சிஸ்டர் பி.யைக் கதிரையில் இருத்தி, அவள் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்தார். பிறகு அவள் வாய்க்கு முன்னால் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்து "ப" என்றார். கடதாசி ஆடியது. பி. ஊதினாள், துப்பினாள், சிரித்தாள். கடைசியில் சொன்னாள். "ப." அவளின் அழுகையும் கூச்சலும் மட்டும் கேட்ட என் காதுக்கு முதல் எழுத்து.

"நாளாந்தம் கொண்டுவாங்கோ, திரேசம்மா. ஞானோபதேசத்தைப் படத்திலை காட்டுவம்" என்றார். பிறகு, "தையிலை எங்கடை பள்ளிக்கூடத்திலை சேர்க்கலாம். விடுதியிலை நிக்கட்டும்."

"என்னை விட்டால் இவளின்ரை கதை ஒருத்தருக்கும் விளங்காது, சிஸ்டர்" என்றேன்.

சிஸ்டர் அந்தக் கடதாசித் துண்டை மடித்துப் பி.யிடம் கொடுத்தார். பஸ் பிந்திவிட்டது. வீட்டில் சோறு வைக்கவே இருட்டிவிட்டது.

வைகாசி 18, சனி

சோதினை. சிஸ்டர் எழுதிக் கேட்டு, பி.யைச் சோதித்துப் பார்க்கச் சுவாமி சம்மதித்திருந்தார். கன்னியர்மடத்திலிருந்து சிஸ்டரும் வந்தார்.

சுவாமி மேசையில் பேக்கரியில் வாங்கிய ஒரு துண்டுப் பாணை வைத்தார். "மற்றப் பிள்ளையள் மாதிரிப் பாடமாக்கிச் சொல்லச் சொல்லி நான் கேக்கேல்லை. பாண் வேறை, நன்மை வேறை எண்டு விளங்கினால் போதும்." அவர் சொல்லி முடிக்கவில்லை, பி. பாணை எடுத்துப் பாதியைத் தின்றுவிட்டாள். எனக்கு உயிர் போய்விட்டது. காலையில் கஞ்சி குடித்த பிள்ளை.

சிஸ்டர் சிரித்துவிட்டு நற்கருணைப் பேழையைக் காட்டினார். பி. வாயைத் துடைத்தாள். முழந்தாளில் இருந்தாள். உதட்டை இறுக மூடித் தலையை ஆட்டினாள், இப்போது இல்லை என்று. பிறகு மார்பில் மூன்று தரம் தட்டினாள், என் பாவம் என்று. சுவாமியைக் காட்டினாள். அதன் பிறகுதான் பேழைப் பக்கம் கை நீட்டி வாயைத் திறந்தாள்.

"ஆர் இப்பிடிச் சொல்லிக் குடுத்தது?" சுவாமி.

"படம்தான் காட்டினனான், சுவாமி. மற்றதெல்லாம் அவவின்ரை யோசினை."

சுவாமி என் பக்கம் திரும்பினார். "நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன், பிள்ளை. வாற சனி சங்கீர்த்தனத்துக்குக் கொண்டுவாங்கோ" என்றார். அப்பாடா. வரும் வழியில் நானே மிச்சப் பாணைத் தின்றேன்.

வைகாசி 25, சனி

வெள்ளைச் சட்டைக்குக் கரை மடித்துத் தைத்தேன். தலைக்கு எண்ணெய் வைத்து முழுகவார்த்தேன். காற்று இன்று குறைவு.

சங்கீர்த்தனம் பூசை உடுப்பு வைக்கிற அறையில். நானும் உள்ளே போனேன். அவள் கையால் காட்டுவதை நான் சுவாமிக்குச் சொல்ல வேண்டாமா. வேறு யார் சொல்வது. சீனி, றிபன், கோழிக்குஞ்சு எல்லாம் எனக்குப் பாடம்.

பி. என்னைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து வந்து இரண்டு கையாலும் வயிற்றில் வைத்துத் தள்ளினாள். வாசல் வரைக்கும். கதவையும் சாத்திவிட்டாள்.

வெளியில் நின்றேன். மற்றப் பிள்ளைகளுக்குப் பிடித்த நேரத்தைவிடக் கூட நேரம் பிடித்தது. முதலில் கோபம். பிறகு பயம், சுவாமிக்கு ஒன்றும் விளங்காமல் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று. கதவு திறந்தது. பி. நேரே பீடத்துக்கு முன்னால் போய் முழந்தாளில் இருந்தாள்.

"விளங்கினதோ சுவாமி? என்ன சொன்னவள்?"

"விளங்கினது. அதுக்கு மேலை நீங்கள் கேக்கவும் கூடாது, நான் சொல்லவும் கூடாது."

அவளின் பசி, நோவு, கோபம், எல்லாம் எனக்குத் தெரிந்துதான் மற்றவர்களுக்குத் தெரியும். இன்று எனக்குத் தெரியாத ஒன்றை அவள் வேறொருவருக்குச் சொல்லிவிட்டாள். அவருக்கு விளங்கியும் விட்டது. நான் இல்லாமல். நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கினது போல இருந்தது.

சிஸ்டர் கிணற்றடியில் நின்றார். "தையிலை கொண்டுவந்து விடுறன்" என்றேன். இவருக்கு இனித்தான் சொல்லவேண்டும். மாட்டேன் என்று சொல்லமாட்டார்.

வைகாசி 26, ஞாயிறு

ஆறு மணிப் பூசை. நன்மை எடுத்தாள். இவர் வேட்டி சால்வையோடு முன்வரிசையில், கண் சிவந்து. வீட்டில் கோழிக் கறி, வட்டிலப்பம். சட்டை மத்தியானத்துக்குள்ளேயே ஊத்தை.

பின்னேரம் ஞானம்மா படலையில் வந்து நின்று ஒரே சத்தம். "திரேசம்மா, உம்மடை மகள் என்ரை பிள்ளை நன்மைக்குத் தலையிலை வைச்ச பூமுடியைப் பறிச்சுப்போட்டு நுள்ளியும் விட்டாள். கை தடிச்சுப் போச்சு. இப்பிடியே பிள்ளை வளர்க்கிறது?"

இத்தனை வருசத்தில் ஒருத்தியும் என் படலைக்கு வந்து இவளைப் பற்றி முறைப்பாடு சொன்னதில்லை. என்ன செய்தாலும் "பாவம், விடுங்கோ" தான்.

மன்னிப்புக் கேட்டேன். பி.யை இழுத்துவந்து ஞானம்மாவுக்கு முன்னாலேயே ஏசினேன், கையாலும் வாயாலும். பூமுடியைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். பிறகு குசினிக்குள் போய் அழுதேன். சந்தோசம் தாங்கவில்லை.

ஞானம்மாவை இருத்தி ஒரு தேத்தண்ணி கொடுத்திருக்கலாம். கோபத்தோடு போய்விட்டாள்.