பச்சைக் கட்டம் லுங்கியும் ஒரு பொட்டு ரத்தமும்

எந்த ஊரில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பினாலும், மச்சினனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்காமல் வீட்டுக்குப் போகாத என் அன்புப் பாவாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். சம்பிரதாயத்துக்காக இதை எழுதவில்லை. அக்கா சௌக்கியம் என்று உங்களுக்கு எழுதுகிற காலம் வரும் என்று, நீங்கள் போன அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்த ஆளைத் திட்டி அனுப்பியிருப்பேன்.

பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டதா, நான் கணக்கைக் கைவிட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆகவே எழுத்தில் பிழை இருக்கும். நீங்கள் ஆறாவதோடு லாரி ஏறியவர், கண்டுபிடிக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

உங்கள் மடியில் உட்கார்ந்துகொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்து ஹாரன் அடித்த என் மகள் சுகந்தி, இப்போது சென்னையில் ஆராய்ச்சி செய்கிறாள். எதை ஆராய்கிறாள் தெரியுமா? உங்களைக் கொண்டுபோன அதே கிருமியை.

தொண்ணூறுகளின் கடைசியில் நீங்கள் படுத்த படுக்கையானபோது மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னோம். ஊரும் நம்பியதுபோல் நடித்தது. அடுத்து அக்காவுக்கும் இருக்கிறது என்று தெரிந்தது. அவள் ஒரு நாளும் உங்களைத் திட்டியதில்லை பாவா. என்னைத்தான் திட்டினாள். அது எப்போதும் நடப்பதுதான்.

மருந்து இல்லாமல் இல்லை. நம்மைப் போன்றவர்கள் விலை கேட்கவே பயப்பட்ட மருந்து. சில வருடங்கள் கழித்து அரசாங்கமே அதை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. எல்லா ஊருக்கும் லேட்டாகவே போய்ச் சேருகிற மனிதர் நீங்கள். இதில் மட்டும் எதற்கு அந்த அவசரம்?

மாத்திரை கிடைத்தது. ஆனால் அது உள்ளே வேலை செய்கிறதா என்று பார்க்கிற சோதனைக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும். எடுத்த ரத்தத்தைக் குளிர்ச்சியில் வைத்து உடனே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டுமாம். ரத்தத்தை அனுப்ப வழியில்லை என்றால் ஆளைத்தானே அனுப்ப வேண்டும்? அக்கா விடியற்காலை ரயில் பிடித்துப் போய் இருட்டியபிறகு திரும்புவாள். தறியை நிறுத்திவிட்டு வர முடியாதவர்களும், எங்கே போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் இல்லாதவர்களும் போகாமலே இருந்துவிட்டார்கள்.

சுகந்தி அத்தையோடு அந்த ரயிலில் போய் வந்தவள். அவளுக்கு ஒரு யோசனை வந்தது. விரல் நுனியில் குத்தி, ஒரு அட்டையில் பொட்டுப் பொட்டாக ரத்தம் வைத்து, காயவைத்து, உறையில் போட்டு அனுப்பினால் போதாதா? அந்தக் காய்ந்த பொட்டிலிருந்தே கிருமி எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாதா? நம் ஊர் வெயிலை அந்த அட்டை தாங்குமா?

யோசனைக்குக் காசு வேண்டுமே. வெளிநாட்டில் ஒரு அமைப்பு, நம்மைப் போன்ற நாடுகளின் இளம் விஞ்ஞானிகளுக்கு ஆரம்ப நிதி கொடுக்கிறது என்று விண்ணப்பித்தாள். கிடைத்துவிட்டது. செய்தி சொல்ல வந்தவளிடம் நான் கேட்டேன்.

"இன்னாம்மா, நோபல் பரிசு மாதிரியா?"

"இல்ல நைனா. செஞ்சு முடிச்சவங்களுக்குக் குடுக்கிறது இல்ல இது. செய்யத் தெரியுமான்னு பாக்கறதுக்குக் குடுக்கிறது. ஒரு வருசம் டைம். யோசனை சரிப்படும்னு காட்டிட்டா பெரிய நிதி கேக்கலாம். காட்டலன்னா மூட்ட கட்டிகினு போவ வேண்டியதுதான்."

"ஆங், புரிஞ்சிபோச்சு. புது நெசவாளிக்கு மொதலாளி ஒரே ஒரு பாவுக்கு நூல் குடுப்பாரு. துணி சுத்தமா வந்தா அடுத்த பாவு."

அவள் சிரித்துவிட்டு, "நான் பத்து பக்கம் எழுதினேன், நீ ஒரு வாயில முடிச்சிட்ட" என்றாள். பெற்ற பெண் பாராட்டினால் தலைக்கு ஏறாமல் இருக்குமா? ஏறியது. பட்டணத்தில் யாரும் இல்லாத குறைக்கு நான்தான் அவளுக்கு ஆலோசகன் என்று ஒரு வாரம் நடையையே மாற்றிக்கொண்டேன்.

இங்கே திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில், சுகந்தியின் ஆய்வகத்துக்காரர்கள் ஒரு அறை எடுத்தார்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள் வந்து விரலில் ஒரு பொட்டும், ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஒரு குழாய் ரத்தமும் கொடுக்க வேண்டும். ஒரு நர்ஸம்மாவும் போட்டார்கள்.

அப்புறம்தான் நம் ஊர் தன் வேலையைக் காட்டியது. என் லுங்கிக் கடைக்குப் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், கேள்விப்பட்ட சந்தோஷத்தில், அந்த மாடிப்படிக்கு மேலேயே ஒரு பெரிய பேனர் கட்டிவிட்டார்கள். "எய்ட்ஸ் ஆராய்ச்சிக்கு வெளிநாட்டு நிதி வென்ற தணிகையின் தவப்புதல்வியே வருக!" சுகந்தி படம் தபால்தலை அளவு. ஸ்டாண்டுக்காரர்கள் படம் ஆளுக்கு ஒரு முழம். நான் அதற்குக் கீழே நின்று போட்டோ வேறு எடுத்துக்கொண்டேன்.

வருவானா பாவா எவனாவது? பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒருவர் படி வரைக்கும் வந்தார். அண்ணாந்து படித்தார். அப்படியே திரும்பிப் பக்கத்து ஜூஸ் கடையில் போய் நின்றுகொண்டார்.

பேனரை அன்றைக்கே கழற்றினோம். ஆனால் ஊர் படித்துவிட்டது. ஆடிக் கிருத்திகை வந்தது, மலைக்கு வந்த காவடிக் கூட்டத்தில் ஊரில் நிற்க இடமில்லை, எங்கள் அறை மட்டும் காலி. வருடம் கரைந்துகொண்டிருந்தது. சுகந்தி சாப்பிடும்போதே சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "ஆள் வரலன்னா நிதி போறது பெருசில்ல நைனா. இந்த ஊர்க்காரங்களுக்கு இது ஒத்து வராதுன்னு எழுதிடுவாங்க. அப்புறம் வேற யாரும் இந்தப் பக்கம் வர மாட்டாங்க. அத்த கடைசி வரைக்கும் ரயில் ஏறணும்" என்றாள்.

அக்காதான் வழி சொன்னாள். சொன்னாள் என்பது மரியாதைக்கு.

"ஏன்டா, லுங்கிக் கட வெச்சிகினு கீறியே, உன் கடைக்கு வர்றவன எதுக்கு வந்தன்னு எவனாவது கேக்கறானா?"

"கேக்க மாட்டான்."

"பின்னாடி ரூமு இன்னாத்துக்கு கீது? நீ மத்தியானம் படுத்துத் தூங்கறதுக்கா?"

"அதுக்கும்தான்."

"எழுந்திரு மொதல்ல. அங்க வர சொல்லு எல்லாரையும். வரும்போது வெறுங்கையோட வரட்டும், போவும்போது ஒரு பொட்டணத்தோட போவட்டும்."

சென்னையிலிருந்து பெரிய டாக்டர் வந்து அறையைப் பார்த்தார். வெள்ளையடித்து, கைகழுவத் தொட்டி வைத்து, கதவு போட்டபிறகு சரி என்றார். என் கட்டில் தெருவுக்குப் போனது. விஞ்ஞானத்துக்கு நான் செய்த தியாகம் அதுதான்.

ஒரு அடையாளம் வேண்டுமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன். வருகிறவர்கள் "பச்சைக் கட்டம் போட்ட லுங்கி இருக்குதா?" என்று கேட்க வேண்டும். உடனே பின்பக்கம் அனுப்பிவிடுவேன். நல்ல யோசனைதானே? பச்சைக் கட்டம் நிஜமாகவே தேவைப்படுகிற மனிதன் உலகத்தில் இருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் நாளே திருவாலங்காட்டுக் கரும்பு விவசாயி ஒருவர் வந்து கேட்டார். நான் கண்ணைக் காட்டி உள்ளே அனுப்பினேன். உள்ளிருந்து சத்தம்.

"யம்மா, வெரல விடும்மா! லுங்கிக்கு வெரல்லயா அளவு எடுப்பாங்க?"

நர்ஸம்மா எல்லாரிடமும் முதலில் விளக்கிச் சொல்லி, சம்மதம் கேட்ட பிறகுதான் குத்துவார். அதனால் அந்த மனிதர் தப்பித்தார். பச்சைக் கட்டத்தைப் பாதி விலைக்குக் கொடுத்து அனுப்பினேன். அன்றோடு அடையாளச் சொல்லுக்கு முழுக்கு. சும்மா அக்காவைக் கேட்டால் போதும் என்று மாற்றினோம்.

முதல் பொட்டு அக்காவுடையது. கூட வந்திருந்த ஒரு பெண் பயந்து கதவோரமாகவே நின்றாள். அக்கா அவளைப் பார்த்துக்கொண்டே விரலை நீட்டினாள். அட்டையில் சிவப்பாக வரிசை விழுந்ததும் சிரித்தாள். "சுகந்தி, உங்க மாமா போனப்புறம் இப்பதான்டி பொட்டு வெக்கிறேன்." சுகந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் கதவோரத்திலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்புறம் வந்தார்கள் பாவா. ஒருவர் சொல்லி ஒருவராக, பஸ்ஸிலும் சைக்கிளிலும் வந்தார்கள். யார் யார் என்று உங்களுக்குக்கூடச் சொல்ல மாட்டேன். சுகந்தி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆனால் உங்களோடு ஒரே லாரியில் ஓடியவர் ஒருவர் உங்களைக் கேட்டு அழுதார் என்பதை மட்டும் சொன்னால் சாமி கோபித்துக்கொள்ளாது.

கோடை வெயிலில் காய்ந்து, சென்னை ரயிலின் கூட்டத்தில் நசுங்கி அந்த அட்டைகள் போய்ச் சேர்ந்தன. வருடக் கடைசியில் சுகந்தி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக அக்காவிடம் போனாள்.

"அத்த, பொட்டும் குழாயும் ஒரே கத சொல்லுது. கொஞ்சம் முன்னபின்ன கீது, ஆனா சரிப்பட்டு வரும். பெரிய நிதிக்கு எழுத சொல்லிட்டாங்க!"

"அதெல்லாம் இருக்கட்டும். எனுது இன்னா சொல்லுது?"

சுகந்தி அத்தையை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே மடித்த லுங்கியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து அக்காவே சொன்னாள், கடையில் இருந்த எல்லாரும் கேட்கும்படி. "கிருமி கண்டுபுடிக்கவே முடியாத அளவுக்கு அடங்கிக் கெடக்குதாம்டா."

ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை. பெரிய நிதி வந்திருக்கிறது, இன்னும் நாலைந்து ஊர்களில் பார்க்க வேண்டுமாம், அதெல்லாம் சரியாக வந்தால்தான் ஊருக்கு ஊர் அட்டை. அதுவரை அக்கா ரயில் ஏறத்தான் வேண்டும். இப்போது ஜன்னலோரம் பிடிக்கச் சண்டை போடுகிறாளாம். உடம்பில் தெம்பு இருப்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

நீங்கள் எதில் போனீர்கள் என்பது இந்தக் கடிதத்தைப் படிக்கிற எல்லாருக்கும் தெரிந்துவிடும். பத்திரிகைக்கு அனுப்பட்டுமா என்று அக்காவிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டாள். அப்புறம், "அனுப்பு. ஆனா என் வயச மட்டும் எழுதிடாத" என்றாள்.

எழுதவில்லை பாவா. ஆனால் அந்த வயசு ஏறட்டும். தலை முழுக்க நரைத்து, பல்லெல்லாம் கொட்டி, என்னைத் திட்ட வாயெடுத்துவிட்டு எதற்குத் திட்ட வந்தோம் என்றே மறந்துபோகிற ஒரு முழுக் கிழவியாக உங்கள் மனைவியை ஆக்கிக் காட்டுகிறேன். மாத்திரை வேளையைப் பார்த்துக்கொள்வது என் வேலை, மீதியைப் பார்த்துக்கொள்ள உங்கள் மருமகள் இருக்கிறாள். நீங்கள் அவசரப்படாமல் அங்கேயே இருங்கள். அவள் ரொம்ப லேட்டாகத்தான் வருவாள்.

என்றும் உங்கள் நிழலில் டீ குடித்து வளர்ந்த,
உங்கள் மச்சினன்
ஏகாம்பரம்,
திருத்தணி