கருவியின் கண்ணில் திருநீறு

வெள்ளிக்கிழமை இரவு

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் பேத்தி யாழினி கடலில் இறங்கும் மூடுபனியை ஆராய்கிறாள். எங்கள் செம்பனைத் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

போன வாரம் புதுக் கருவியோடு வீட்டுக்கு வந்தாள். "இந்தக் கண்ணாடி வழியா வெளிச்சம் போகும் பாட்டி. பனி மறைச்சா காட்டிக்கொடுத்திடும்" என்றாள். அவள் குளிக்கப் போனதும், புது லாரிக்குப் பூசுவதுபோல் அந்தக் கண்ணாடியில் மெல்லிசாகத் திருநீறு பூசினேன். இப்போது அது போர்ட்டிக்சன் கடலில் ஒரு கம்பத்தில் நிற்கிறது.

சாயங்காலம் போன் செய்தாள். "நல்ல வெயில்லயும் மூடுபனின்னே காட்டுது பாட்டி. விடியுமுன்ன போட்ல போய்ச் சரிபண்ணணும்லா."

"இருட்டுல பனி இறங்கினா?"

"அதைச் சொல்ற மிஷினே கெட்டுக் கிடக்கே!" சிரித்தாள்.

துடைத்தால் போதும், வெயில் வந்ததும் போ என்று சொல்லியிருக்கலாம். படித்தவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது அழைத்தால் போன் அடைத்துக் கிடக்கிறது. வாசலில் செம்பனை மரங்கள்கூடத் தெரியவில்லை. இங்கேயே இவ்வளவு பனி.

பயத்தில் கை திருநீற்றுத் தட்டுக்குப் போனது. தொடாமல் இழுத்துக்கொண்டேன். மறுபடி அழைக்கிறேன்.