கோணியில் தைத்த ஜாக்கி

என்னங்க,

வியாழக்கிழமை காலை காரின் டிக்கியைத் திறந்தேன். எட்டு மாதமாக மூடியே கிடந்தது. கிரீஸும் சாக்கும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்ததும், நீங்கள்தான் உள்ளே குனிந்து எதையோ தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். காபி ஆறுகிறது என்று சொல்ல வாயெடுத்தும் விட்டேன். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் பார்த்தாள். வண்டியைத் துடைக்க வந்தவள் மாதிரி முந்தானையால் நாலு துடைப்புத் துடைத்து வைத்தேன்.

திறந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வண்டியை விற்பதாக இருந்தது. மஸ்கட்டிலிருந்து நம் மகன் போன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வாங்குகிறவர் வருவார், அதற்குள் டிக்கியைக் காலி பண்ணி வை என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. லைசென்ஸ் வாங்கினேனே தவிர, ஒருநாள்கூட நான் தனியாக ஓட்டியதில்லை. வாரம் ஒருமுறை வாசலிலேயே ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் உறுமவிட்டு, அணைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவேன். "நின்ன எடத்துலயே நின்னா வண்டி வீணாப் போயிரும்மா" என்றான். எனக்கு வண்டி வேண்டும். அது போய்விட்டால் இனி எங்கே போவதென்றாலும் பஸ் நேரம் பார்த்து, யார் வீட்டிலாவது கேட்டு, ஒரு ஓரமாக உட்கார்ந்து போகிற ஆளாகிவிடுவேன். ஆனால் ஓட்டாத வண்டியை வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? அதனால்தான் பேசாமல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே உங்கள் மூட்டைகள் மூன்றும் வைத்தது வைத்தபடி இருந்தன. நீல மையில் உங்கள் கையெழுத்து: இரும்பு, மருந்து, சாமான்.

வாலிநோக்கம் உப்பளத்தில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்த மனிதரிடம் ஒரு கார் அகப்பட்டால் வேறென்ன நடக்கும்! அங்கே இரும்பு என்று ஒன்றை வெளியில் விட்டுவைக்க முடியாது. சைக்கிள் கைப்பிடி, சாவிக்கொத்து, டிபன் கேரியர் கொக்கி என்று எல்லாமே உங்கள் கண் முன்னாலேயே துருவேறி உதிர்ந்தவை. ஓய்வு பெற்று இந்தப் பழைய காரை வாங்கிய மறுவாரமே, அதன் ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்துக் கிரீஸ் தடவி, கிழிந்த வேட்டியில் சுற்றி, சாக்கில் போட்டு, உப்பு மூட்டை தைப்பது போல கோணி ஊசியாலும் சணலாலும் தைத்துவிட்டீர்கள். அதுவும் இரட்டைத் தையல். கப்பலில் ஏற்றப் போகிறீர்களா என்று கேட்டேன். "வழியில நின்னா யாரு வருவா? நாமதேன் நமக்கு" என்றீர்கள். அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த சாக்கைப் பிடித்துக்கொண்டேன்.

உங்கள் முன்யோசனையின் அழகை மண்டபம் போகிற வழியில் பார்த்தோமே. உங்கள் தங்கை மகளுக்குக் கல்யாணம். வீட்டு வாசலிலேயே பந்தல். தாய்மாமன் மாலை போடாமல் பெண் மணவறைக்கு வர முடியாது, தாய்மாமன் நீங்கள். மாலையை ஈரத்துணியில் சுற்றிப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு விடிந்ததும் கிளம்பினோம். உச்சிப்புளி தாண்டியதும் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் பின்சக்கரம் தரையோடு ஒட்டிக் கிடந்தது. உங்கள் முகத்தில் ஒரு துளிக் கவலை இல்லை. இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தோம் என்கிற தோரணையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரும்பு மூட்டையைத் தூக்கிக் கீழே வைத்தீர்கள். அதற்குப் பிறகுதான் நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தையலை அறுக்கக் கத்தி வேண்டும். கத்தி அந்த மூட்டைக்குள் இருந்தது.

வண்டிச் சாவியால் குத்திப் பார்த்தீர்கள், பல்லால் கடித்துப் பார்த்தீர்கள். நம் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு வேன் ஒன்று வந்தது. நாம் சும்மா காற்று வாங்க நிற்கிறோம் என்று நினைத்து எல்லோரும் கைகாட்டிவிட்டுப் போனார்கள். நீங்களும் பதிலுக்குக் கைகாட்டினீர்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் என் தாலிக்கொடியில் கிடந்த ஊக்கைக் கழற்றி, ரோட்டோரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கண்ணியாக நெம்பிப் பிரித்தேன். உங்கள் கைவேலையைத் திட்டிக்கொண்டேதான் பிரித்தேன். ஆனால் அப்படியொரு கெட்டித் தையலை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உங்களுக்கு அப்போது இடுப்புப் பிடிப்பு, குனிய முடியாது. ஒரு கையில் குடையும் மறு கையில் மாலையுமாக நின்றுகொண்டு, அங்கன இல்லை இங்கன வை, இந்தப் பக்கம் திருகு, அந்தப் பக்கம் திருகு என்று எனக்கு உத்தரவு போட்டீர்கள். நீங்கள் சொன்னதில் பாதி தப்பு. பட்டுச்சேலையோடு ஸ்பேனர் மேல் ஏறி நின்று நட்டைத் தளர்த்தினேன். ஸ்டெப்னியை மாட்டி, பஞ்சரான சக்கரத்தை அது இருந்த குழிக்குள் போட்டு, அதன் மேல் மூட்டைகளை அடுக்கி, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது பந்தலே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. உங்கள் தங்கை மாலையை வாங்கிப் பார்த்தாள். சம்பங்கி நடுவில் கறுப்பாக உங்கள் விரல் தடம். "ஏண்ணே, மாலைக்கும் திருஷ்டிப் பொட்டு வச்சுக் கொண்டாந்தியா?" என்றாள். மணப்பெண்ணே சிரித்துவிட்டாள். கல்யாண ஆல்பத்தில் நீங்கள் நிற்கிற படத்திலெல்லாம் வேட்டியில் கிரீஸ் இருக்கிறது.

மறுநாளே எல்லாவற்றையும் திரும்பத் தைத்தீர்கள். புத்தி வந்து கத்தியை மட்டும் வெளியே வைத்தீர்கள். ஆனால் அதற்கும் ஓர் உறை தைத்தீர்கள்.

கல்யாணத்திலிருந்து திரும்பி வரும்போதுதான் நான் வண்டி ஓட்டுகிற பேச்சை எடுத்தீர்கள். "நட்டு கழட்டத் தெரிஞ்சவளுக்கு ஓட்ட வராதா? கத்துக்க" என்றீர்கள். நான் விளையாட்டு என்று நினைத்தேன். நீங்கள் அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்துவிட்டு வந்தீர்கள். ஐம்பத்தேழு வயதில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினேன். அதன் பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உங்கள் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே எத்தனை ஊர் வந்தீர்கள்! நான் ஓட்டினேன் என்று பேர். நம் இரண்டு பேர் காலும் சேர்ந்துதான் வண்டியை நிறுத்தின. அதனால்தான் நீங்கள் காலை காபியை வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்த அந்த நாளுக்குப் பிறகு, பக்கத்து சீட் காலியாக இருக்கிற வண்டியில் கை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை மருந்து மூட்டையைத்தான் முதலில் அறுத்தேன். டெட்டால், பஞ்சு, உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இதெல்லாம் இருக்கும் என்று தெரியும். அதற்கும் அடியில் என் பிரஷர் மாத்திரை ஓர் அட்டை, தேதி போய்விட்டது. என் பழைய மூக்குக்கண்ணாடி. எனக்குத் தலைவலி வந்தால் தேய்க்கும் தைலம். வண்டி நின்று பஸ்ஸில் வர நேர்ந்தால் எனக்கு வாந்தி வருமே என்று எலுமிச்சை ஊறுகாய் ஒரு சின்னப் பாட்டிலில், ஊறுகாய் கல்லாகியிருந்தது. உங்களுக்கு என்று ஒன்றுகூட இல்லை. உங்கள் சர்க்கரை மாத்திரையாவது இருக்குமென்று சாக்கை உதறிப் பார்த்தேன். நாமதேன் நமக்கு என்று சொன்ன மனிதர் என்னை மட்டுமே மூட்டை கட்டி வைத்திருக்கிறீர்கள். டிக்கி விளிம்பிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். எதிர்வீட்டு மாடியில் நல்லவேளையாக யாருமில்லை.

அழுது முடித்துவிட்டு மூட்டைகளை இறக்கினேன். அடியில் ஸ்டெப்னி. விற்கிற பொருளைச் சரியாகக் கொடுக்க வேண்டுமே என்று அதைத் தூக்கி இறக்கி, தெருக்கோடி பஞ்சர் கடை வரைக்கும் உருட்டிக்கொண்டே போனேன். நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும். கடைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல காத்தே இல்லக்கா" என்றார். தண்ணீர்த் தொட்டியில் முக்கித் திருப்பி, குறட்டால் ஒன்றை இழுத்து என் கையில் வைத்தார். விரல் நீளத்துக்கு ஒரு துருப்பிடித்த ஆணி. வல்லப் படகுக்கு அடிக்கிற ஆணி, மண்டபம் பக்கம் எங்கேயாவது ஏறியிருக்கும் என்றார்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. கல்யாணத்தன்று கழற்றிப் போட்ட சக்கரம் அது. நாளைக்கு ஒட்டிக்கொள்ளலாம் என்று போட்டதை, மூட்டையைத் தைக்கிற அவசரத்தில் நீங்களும் மறந்தீர்கள், நானும் மறந்தேன். அதற்குப் பிறகு உப்பூர் போனோம், திருச்செந்தூர் போனோம், மழையில் மதுரை போய் வந்தோம். டிக்கியில் மெழுகுவர்த்தி இருந்தது, தீப்பெட்டி இருந்தது, படகு கட்டுகிற கயிறு இருந்தது, பொரிகடலை இருந்தது. காற்றுள்ள சக்கரம் மட்டும் இல்லை. கடையில் நின்று சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் சிரித்தேன். கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நீங்கள் பக்கத்தில் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துத்தானே அத்தனை தூரம் ஓட்டினேன்? உங்களுக்கும் என் அளவுக்குத்தான் தெரியும் என்று இப்போது தெரிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. தோளிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரிதான் இருந்தது.

அன்று சாயங்காலம் சாமான்களை நானே கட்டினேன், என் முறைப்படி. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, ஒரு விரலால் திறக்கலாம். ஜாக்கியையும் ஸ்பேனரையும் துடைத்து எண்ணெய் தடவி மேலாகவே வைத்தேன், துருப்பிடித்தால் மறுபடி துடைத்துக்கொள்வேன். மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டு டார்ச்சும் புது பேட்டரியும், வண்டியில் போன் சார்ஜ் போடுகிற வயரும் வைத்தேன். சாலையில் நிறுத்தி வைக்கும் சிவப்பு முக்கோணப் பலகை ஒன்று வாங்கினேன். மணலில் சக்கரம் சிக்கினால் போட இரண்டு சாக்கு, உங்களுடையதுதான், தைக்காமல். குடிதண்ணீர், புது மாத்திரை, இப்போதைய பவருக்குக் கண்ணாடி, சேலையோடு குனிய முடியாதென்று ஒரு நைட்டி. போன் அணைந்துவிட்டால் என்ன செய்வதென்று முக்கியமான நம்பர்களை ஒரு அட்டையில் எழுதினேன். எழுதும்போது பழக்கத்தில் முதலில் உங்கள் நம்பரைத்தான் எழுதினேன். அதை அடிக்கவில்லை.

பெட்டியை மூடியதும், விற்கப் போகிற வண்டிக்கு எதற்கடி இதெல்லாம் என்று என்னையே கேட்டேன். எனக்கே பதில் தெரிந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குக் கிளம்பினேன். ஊர் தாண்டும் வரைக்கும் பாதி நேரம் இரண்டாவது கியரிலேயே வந்தேன், பின்னால் வந்தவன் எல்லாம் ஹார்ன் அடித்தான். உச்சிப்புளியில் ஒருமுறை ஓரங்கட்டி, நாலு சக்கரத்தையும் காலால் தட்டிப் பார்த்துத் தண்ணீர் குடித்தேன். அதற்கப்புறம் நாலாவது கியருக்கு மாற்றினேன். மண்டபத்தில் உங்கள் தங்கை வாசலுக்கு வந்து, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். டிரைவர் எங்கே மதினி என்றாள். நான்தான் என்றேன். முழங்கால் வலியில் பதினாறாம் நாளுக்குப் பிறகு நம் வீட்டுக்கு வர முடியாமலே இருந்தவள், வண்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள், பானெட்டைத் தடவினாள், அழுதாள். பிறகு ஒரு வாரம் உன்னோடு வந்து இருக்கிறேன் என்று தானாகவே பையில் துணி எடுத்து வைத்தாள்.

நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகன் போன் பண்ணினான். வாங்க வந்தவர் பூட்டிய வீட்டு முன்னால் நிற்கிறாராம். நான் மண்டபத்தில் இருக்கிறேன் என்றேன். யாரோடு போனாய் என்றான். வண்டியோடு என்றேன். அலைய வைத்ததற்கு அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல், வண்டியை விற்கவில்லை என்றும் சொல்லிவிடு என்றேன்.

"ஸ்டெப்னில காத்து இருக்காம்மா?" என்றான். இருக்கு என்றேன். தண்ணீர் இருக்கிறதா, டார்ச் இருக்கிறதா, மாத்திரை எடுத்துக்கொண்டாயா, கயிறு எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அப்படியே உங்கள் குரல், அதே அவசரம். எல்லாவற்றுக்கும் இருக்கு, இருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"பயமா இல்லையாம்மா?" என்றான் கடைசியில்.

"இருக்குப்பா. அதையும் ஏத்திக்கிட்டுத்தேன் வந்திருக்கேன்" என்றேன்.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். உங்கள் தங்கை முன்சீட்டில், மடியில் ஒரு பை கருவாட்டோடு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவுக்குப் போட என்று பங்கில் கேட்டார்கள். டேங்க்கை நிரப்பச் சொன்னேன்.