லீலா அக்கா போட்ட கணக்கு

என் செல்லத் தம்பி ரவி,

சில வாரங்களாக உன் படத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. கூடத்தைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன். ஏன் என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

நீ போனபின் செங்காங் முதியோர் நிலையத்தில் வியாழக்கிழமைகள் வெறிச்சோடிவிட்டனவாம். உன் எண் வித்தைகளில் ஒன்றையாவது வந்து செய்து காட்டும்படி என்னைக் கேட்டார்கள். உடனே சரி என்றேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவளுக்கு இதெல்லாம் ஒரு காரியமா என்ற நினைப்பு. எனக்குத் தெரிந்தது அந்த 1089 வித்தை மட்டும்தான். சின்ன வயதில் என்னை உட்காரவைத்துத்தானே நீ அதைப் பழகினாய்?

மூன்று இலக்க எண் ஒன்றை எழுதிக்கொள்ளச் சொன்னேன். அதைத் திருப்பிப் போட்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். வந்த விடையையும் திருப்பிப் போட்டு, இரண்டையும் கூட்ட வேண்டும். 1089 என்று வெள்ளைப் பலகையின் பின்பக்கம் முன்பே எழுதி வைத்திருந்தேன். பலகையைத் திருப்பியதும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முன்வரிசையில் லீலா அக்கா மட்டும் தட்டவில்லை. உன் வித்தை என்றால் முதல் ஆளாக வந்து நாற்காலி பிடிப்பாரே, அவர்தான். தாளை நீட்டி, "எனக்கு 198தான் வருது" என்றார்.

தாளை நான் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, ரவி. "கழிக்கும்போது எங்கேயோ தப்பு பண்ணிட்டீங்க லா" என்று சிரித்தேன். கூடவே நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த வியாழன் அவர் வரவில்லை. சாமான்களை எடுத்துப்போக வந்த அவர் மகள்தான் விஷயத்தைச் சொன்னார். அக்காவுக்கு மறதிநோயின் தொடக்கம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பெயர்கள் நழுவினாலும் கணக்கு நழுவவில்லை என்று வீட்டில் தைரியமாக இருந்திருக்கிறார்கள். தினமும் காலையில் எண் புதிர் போடுகிறவர், அன்றிலிருந்து பேனாவைத் தொடுவதில்லையாம். "சும்மா 473, 473னு சொல்லிக்கிட்டே இருக்காங்க" என்றார் மகள். அவருக்கு என்மேல் கோபம்கூட இல்லை.

புக்கிட் பாத்தோக் திரும்புகிற வழியில், ரயிலிலேயே அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். லிட்டில் இந்தியா நிலையம் வருவதற்குள் விடை வந்துவிட்டது. 473இலிருந்து 374 போனால் 99. திருப்பினாலும் அதே 99. கூட்டினால் 198. அக்காவின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் நீ தொடங்குவாய். நான் அதைச் சொல்ல மறந்திருந்தேன். மறந்தவள் நான். தன்னை மறதிக்காரி என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனவர் அவர்.

இதையும் சொல்கிறேன், தம்பி. பேசாமல் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் அக்கா அப்படித்தான் யோசித்தாள்.

பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். வரிவரியாகப் போட்டுக் காட்டினேன். அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, தானே ஒருமுறை கழித்துப் பார்த்தார்.

"அப்ப என் கணக்கு சரியா?"

"சரிக்கா. நான்தான் தப்பு."

பேனாவை மூடி என்னிடம் நீட்டினார். "இங்க சொல்லிட்டீங்க. அங்க?" என்றார்.

அந்த வியாழன் நிலையத்தில் எல்லோர் முன்னாலும் நின்று நடந்ததைச் சொன்னேன். மகளோடு வந்திருந்த அக்காவைப் பலகைக்கு அழைத்தேன். 473 என்று எழுதி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கழித்தார். நடுவில் ஓரிடத்தில் தயங்கி நின்றுவிட்டார். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை, காத்திருந்தார்கள். 198 என்று முடித்து அடிக்கோடு இழுத்தபோது எழுந்த கைதட்டல் எனக்குக் கிடைத்ததைவிடப் பெரியது.

என்னைத் தாண்டிப் போகும்போது மெதுவாகச் சொன்னார்: "உங்க தம்பிகிட்ட எத்தனையோ தடவை நாங்க தப்பா போட்டிருக்கோம். அவரு தன் தப்புன்னுதான் சொல்லுவாரு."

வித்தை சரியாக வராதபோதெல்லாம் நீ "என் தப்புங்க" என்று சொல்வாயே, அதை நான் எத்தனை கேலி செய்திருக்கிறேன்? உனக்குக் கை தேறவில்லை என்றுதானே கடைசிவரை நினைத்தேன்? ஒரு தடவைகூட நீ என்னைத் திருத்தவில்லையே, ஏன்?

வியாழன்தோறும் போகிறேன், ரவி. விடை மாறி வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்ப்பேன். பிழை அவருடையதாகவே இருந்தாலும், என் வாயிலிருந்து அது வெளியே வராது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

வெட்கம் இன்னும் தீராமல்,
உன் அக்கா