மாடி ஜன்னல் விளக்கு விஷயமாக

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் டாக்டர் சந்தேகப்படும் அளவுக்கு ஆரோக்கியமாக இருக்கிறோம். உன் கழுத்துவலி எப்படி இருக்கிறது, தலையணையை மாற்றினாயா, அல்லது இன்னும் மாற்றப்போகும் நிலையிலேயே இருக்கிறாயா என்று தெரிவிக்கவும். அடுத்த மாதம் பதினைந்து நாள் லீவில் வருவதாக நீ எழுதியது கிடைத்தது. அம்மா மூன்று தடவை படித்தாள், நான்காம் தடவை வாசலில் நின்று உரக்கப் படித்தாள், அங்கேதான் தப்பு நடந்துவிட்டது. மறுநாள் காலையில் தெருச் சங்கத்திலிருந்து ஆறு பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்து, உன்னை வரவேண்டாம் என்று எழுதச் சொன்னார்கள். நீ கோபப்படுவதற்கு முன்னால் நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நான்கு வருஷத்துக்கு முன் நீ கிளம்பிய அன்று, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று மாடி அறை சுவிட்சை ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாய் அல்லவா, அது அப்படியே உள்ளே சிக்கிக்கொண்டது, விளக்கு அணையவில்லை. எலக்ட்ரீஷியன் நாளைக்கு வருகிறேன் என்றார். அவருடைய நாளைக்கும் காலண்டருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது உனக்கே தெரியும். பல்பைக் கழற்றிவிடலாமே என்பாய். அதற்கு ஏணி வேண்டும், நம் ஏணி சங்கச் செயலாளரிடம், அதாவது நீ குடைக்கம்பி என்று பெயர் வைத்தவரிடம், நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இருக்கிறது. இப்படி விளக்கு இராப்பகலாக எரிந்துகொண்டிருந்தபோது, அழகான சின்ன ஊர்களைப் பருவத்துக்குப் பருவம் போய்ப் பார்த்து எழுதும் ஒரு பத்திரிகைக்காரர் தண்ணீர் கேட்டு வந்தார். நல்ல வெயிலில் மாடியில் விளக்கு எரிவதைப் பார்த்து, யாருடைய அறை என்றார். மகளுடையது, தூரதேசத்தில் இருக்கிறாள், அவள் போன நாளிலிருந்து எரிகிறது என்றேன். சுவிட்ச் என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டார். அழுகிற மனிதரிடம் சுவிட்சைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள், இங்கே தண்ணீர் கொடுத்ததற்கே கிளம்பிவிட்டது.

மகள் திரும்பும் வரை அணையாத விளக்கு என்று அவர் எழுதியதைப் படித்துவிட்டு நம் ஜன்னலைப் பார்க்கக் கூட்டம் பஸ் பஸ்ஸாக வருகிறது, தெருவில் எல்லாருக்கும் வியாபாரம் கொழிக்கிறது. எல்லாப் பருவத்திலும் பார்க்க வேண்டிய ஊர் என்றும் அவர் எழுதிவிட்டதால், எல்லாப் பருவமும் இங்கே இருந்தாக வேண்டியிருக்கிறது. இலையுதிர் காலத்துக்கு இலை வேண்டும், நம் தெருவில் இருக்கும் இரண்டு மரமும் இலை உதிர்க்கும் ரகம் இல்லை. ஆகவே தையற்காரர் மூட்டை மூட்டையாகச் சருகு கொண்டுவந்து காலை ஆறு மணிக்குப் பரப்புகிறார், ஆறரைக்குத் துப்புரவுக்காரம்மா வந்து கூட்டிவிடுகிறாள். கேட்டால், "கூட்டறது என் வேலைங்க, இலைய மரம் போட்டுச்சா மனுஷன் போட்டாரான்னு விசாரிச்சுக்கிட்டு நிக்க முடியுமா?" என்கிறாள். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மழைக்காலத்தில் வானம் ஏமாற்றினால் தீயணைப்பு வண்டி வந்து தெருவை நனைக்கும். ஒருநாள் பேக்கரிக்காரரின் புகைபோக்கி உண்மையாகவே தீப்பிடித்தபோது வண்டி அடுத்த தெருவில் மழை பெய்துகொண்டிருந்தது. பனிக்காலத்து மூடுபனிக்குச் சலவைக்கடைக்காரர் பொறுப்பு, கொதிகலன் குழாயைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார், பனி சோப்பு வாசனையோடு வருகிறது. வெயில்காலம் மட்டும்தான் தானாக வருகிறது, அதையும் சங்கத்தின் ஏற்பாடு என்று குடைக்கம்பி ஆண்டறிக்கையில் போட்டுக்கொண்டார். உன் சித்தியும் சும்மா இருக்கவில்லை, சின்ன ஊர் பார்க்கும் குழு ஒன்றில் சேர்ந்து, போன மாதம் கழுத்தில் அட்டையோடு நம் வீட்டு வாசலில் கட்டியிருக்கும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள். உள்ளே வாடி என்று அம்மா கூப்பிட்டதற்கு, "அக்கா, கயித்தைத் தாண்டக் கூடாதாம், வழிகாட்டி திட்டுவாரு" என்றாள். மாடி ஜன்னலைக் காட்டியதும் எல்லாரோடும் சேர்ந்து அவளும் அழுதாள். உனக்கென்னடி கேடு, உனக்குத்தான் சுவிட்ச் விஷயம் தெரியுமே என்று அம்மா கேட்டாள். "எல்லாரும் அழறப்ப நான் மட்டும் மரம் மாதிரி நின்னா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

இனி சங்கத்தார் சொன்னது. குடைக்கம்பி, "சார், பொண்ணு வரக் கூடாதுன்னு யாரும் சொல்லல. வந்துட்டா அப்புறம் விளக்கு எதுக்கு எரியுதுன்னு கேப்பாங்க, அதுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லிடுங்க" என்றார். பேக்கரிக்காரர், நாலு வருஷம் பொறுத்தவர்கள் இன்னும் நாலு பருவம் பொறுக்கக் கூடாதா என்றார். தையற்காரர் இளகின மனசுக்காரர், "பாவம், வரட்டும்ங்க. பின்வாசல் வழியா வந்து, பதினஞ்சு நாளும் ஜன்னல் பக்கம் தலை காட்டாம இருந்தா போதும்" என்று சமாதானம் பேசினார். அம்மா ஐந்து பேருக்கு மட்டும் டீ கொடுத்தாள். ஆறாவது ஆள் குடைக்கம்பி. நான் உனக்குக் கடிதம் எழுதுவதாக ஒப்புக்கொண்டேன், என்ன எழுதுவேன் என்று அவர்களும் கேட்கவில்லை.

அவர்களுக்குத் தெரியாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். பதினேழு நாளைக்கு முன்னால் எலக்ட்ரீஷியனின் நாளை வந்துவிட்டது. மனிதர் பத்திரிகை படிப்பவர் இல்லை. ஐந்து நிமிஷத்தில் சுவிட்சை மாற்றிவிட்டு, "இதுக்காங்க இத்தனை நாள் வச்சிருந்தீங்க?" என்று எங்களையே கடிந்துகொண்டு போனார். விளக்கு அணைந்தது. அப்பாடா என்று நான் கொல்லைப்பக்கம் போய்ப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். சாயங்காலம் நிமிர்ந்து பார்த்தால் மாடியில் வெளிச்சம். புது சுவிட்சும் போயிற்று என்று மேலே ஓடினேன். அம்மா சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "சரியா வேலை செய்யுதான்னு போட்டுப் பாத்தேன்" என்றாள். முழங்கால் வலியோடு இருபத்திரண்டு படி ஏறி அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அது வேலை செய்கிறதா என்று பார்க்கிறாள். காலையில் நான் போய் அணைக்கிறேன். பகலில் வருபவர்கள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களைத்தான் படம் எடுக்கிறார்கள், ஆகவே விளக்கு எரியாதது இன்னும் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஆகவே நீ அவசியம் வரவும். முன்வாசல் வழியாகவே, பட்டப்பகலில், இரண்டு குழுவாவது நிற்கும் நேரமாகப் பார்த்து, கயிற்றைத் தாண்டி வரவும். வழிகாட்டி திட்டினால் நான் பார்த்துக்கொள்கிறேன். வரும் வழியில் குடைக்கம்பி வீட்டில் ஏணியைக் கேட்டு வாங்கி வந்தால் நல்லது. நோய் நொடி இல்லாமல், வலிக்காத கழுத்தோடு நீ நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசிகள். ஒன்றை மட்டும் மறக்காதே. வந்த அன்று சாயங்காலம் அம்மா படியேறுவதற்கு முன்னால் நீ மாடிக்குப் போய்விடு. விளக்கு எரிகிறதா என்று பார்க்க அவள் வந்தால், நீ இருப்பதைப் பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம் தூங்கப் போகும்போது விளக்கை நீயே அணை. மெதுவாக அணை, சுவிட்ச் புதிது.

உன் வரவை எதிர்பார்த்து வேறு எதையும் கொளுத்தி வைக்காத,
அப்பா