வைரத்துக்கு முதல் சாயா

காலையில் கதிர் அளவியின் இணைப்பு முனையை ஸ்பிரிட்டில் துடைத்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பின்னாலிருந்து நீ கத்துவாய் என்று காத்து நின்றேன், பைத்தியக்காரன். "லே, வைரத்துக்குச் சாயா குடுத்தியா?"

அளவிக்குள் இருப்பது கடுகளவு வைரம். நம் ஆஸ்பத்திரியின் முடுக்கி இயந்திரம் புற்றுநோய்க்காரர்களுக்குப் பாய்ச்சும் கதிர் சரியான அளவுதானா என்று அதுதான் சொல்லும். எடுத்தவுடன் நிலையாகச் சொல்லாது. கொஞ்சம் கதிரைக் குடித்த பிறகே நிதானத்துக்கு வரும். அதைத்தான் நீ சாயா என்பாய். "பத்தமடையில எங்க மாமாவும் இப்படித்தாம்லே. சாயா உள்ள போகாம கேட்டா பேரையே மாத்திச் சொல்லுவாரு." அதுவரை வரும் எண்களை எழுதவே விடமாட்டாய். இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதிகாரம் மட்டும் உனக்கு.

அப்புறம் உன் தலைக்குள்ளேயே கட்டி வந்தது. அதற்கான மெல்லிய கதிரை இந்த வைரத்தை வைத்து அளக்க வேண்டியவன் நான். பாவி, எனக்கா அந்த வேலை வர வேண்டும்! அளவு பிசகினால் உன் பார்வை போய்விடும். வைரம் நிலைக்கு வந்தது, எண்ணும் பொருந்தியது, என் மனம்தான் அடங்கவில்லை. திரும்பத் திரும்ப அளந்துகொண்டே இருந்தேன். வெளியே காத்திருந்தவர்கள் முனக ஆரம்பித்தார்கள். நோயாளி உடையில் நீயே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாய்.

"என்னலே செய்யுத?"

"இன்னொரு தடவ பாத்துக்கிடுதேன்."

"நேத்து தச்சநல்லூர் அண்ணாச்சிக்கு இத்தன தடவ பாத்தியா?"

நான் அளவியை மறுபடி நேராக்கினேன்.

"அவருக்குப் போதும்னா எனக்கும் போதும். போதாதுன்னா, அவரக் கூட்டிட்டு வந்து மொதல்ல அவருக்குப் பாரு. பைய மூச்ச விட்டுட்டு மெஷினப் போடு."

போட்டேன். அதன் பிறகு வந்த நோன்புப் பெருநாளில் சைவப்பிள்ளையான எனக்கென்று உன் வீட்டில் தனியாகத் தக்காளிச் சோறு ஆக்கினார்கள். என் தட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாய். பார்த்துச் சிரித்தாய்! எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு கட்டி மறுபடி வந்தபோது எந்தக் கதிருக்கும் அது கட்டுப்படவில்லை.

உனக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. சொன்னால் அடிக்க வந்திருப்பாய். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். இந்த வேலையில் என் கை நடுங்காமல் இருப்பது உன்னால்தான்.

இன்று ராதாபுரத்திலிருந்து வந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கூடுதலாக் கவனிச்சுப் பாருங்கய்யா."

"எல்லாருக்கும் ஒண்ணுபோலத்தாம்மா பாக்கோம். எங் கூட்டாளிக்கும் இதேதான் பாத்தேன்."

அவள் கையை விட்டாள். நான் உள்ளே போனேன்.